சனி, ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போறீங்களா?

காரியாபட்டி பக்கம் வாக்கப்பட்டு வந்த நம்மில் பலருக்கு அம்மா வீடு அருப்புக்கோட்டை, திருச்சுழி, மதுரைப் பக்கம். சனிக்கிழமை பஸ் ஏறினால் ஞாயிறு சாயந்தரம் திரும்பிவிடலாம். அங்கே சாப்பாடு முடிந்ததும், "சும்மா ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று பத்திரத்தை நீட்டினால் என்ன செய்வது?

தெரிந்துகொள்வோம்:

1. இந்து வாரிசுரிமைச் சட்டம் 2005-இல் திருத்தப்பட்டது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. கல்யாணம் ஆகியிருந்தாலும் உண்டு.

2. 2005-இல் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. 20.12.2004-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்த சொத்துக்கு இது பொருந்தாது.

3. நகை, சீர் வாங்கியதால் பங்கு போகாது. விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் போய்விடும்.

உடன்பிறப்பு உறவும் நமக்கு வேண்டும். அதனால் சண்டை வேண்டாம். "நகல் குடுங்கண்ணே, படிச்சுப் பார்த்துட்டு அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. போன்: 15100.

விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

குழுவில் பேசுவோம்: படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?