பாடநூலில் இருக்கும் சின்னச் சதுரம்



வீட்டில் அரசுப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளை இருந்தால், ஒரு பாடநூலை எடுத்துப் புரட்டுங்கள். பாடத் தலைப்பின் பக்கத்தில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் நிறைந்த சின்னச் சதுரம் ஒன்று அச்சாகியிருக்கும். டீக்கடையிலும் கறிக்கடையிலும் பணம் கட்ட ஒட்டியிருக்கிறார்களே, அதே கியூஆர் கோடுதான். 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது இதுவும் கூடவே வந்தது. கடையில் தினமும் நாலு முறை ஸ்கேன் செய்கிற நம் வீடுகளில், புத்தகத்தில் இருக்கும் சதுரத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்கள்தான் அதிகம்.

இந்தக் கோடு பள்ளிக்கூடத்துக்காகப் பிறந்ததல்ல. ஜப்பானில் டென்சோ வேவ் என்ற நிறுவனத்தில் மசஹிரோ ஹரா என்பவர் 1994இல் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கியது. மூன்று மூலைகளில் உள்ள பெரிய கட்டங்கள், எந்தப் பக்கம் மேலே என்று கேமராவுக்குக் காட்டிக் கொடுக்கின்றன. கோட்டின் ஒரு பகுதி அழிந்தாலும் மீதியை வைத்துப் படித்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் கொஞ்சம் குழம்பு சிந்தினாலும் கவலையில்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சதுரத்துக்குள் பாடம் இல்லை, பாடம் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கிறது. பாடம் எங்கோ ஒரு கணினியில் இருக்கிறது. போனில் நெட் இல்லாவிட்டால் முகவரி மட்டும் கிடைக்கும், வீடு திறக்காது. “ஸ்கேன் பண்ணினேன், ஒன்றும் வரவில்லை” என்று தாய்மார்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இந்தியாவில் இதைப் பாடநூலுக்குள் முதலில் கொண்டுவந்தவர் என்று அறியப்படுபவர் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர். பெயர் ரஞ்சித் சிங் டிசாலே. மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள பரிதேவாடி என்ற ஊருக்கு அவர் 2009இல் வேலைக்குப் போனார். பள்ளிக்கூடம் என்று இருந்தது ஒரு மாட்டுத் தொழுவத்துக்கும் சரக்கு அறைக்கும் நடுவில் இருந்த இடிந்த கட்டடம். பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது அபூர்வம், சில நாட்களில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் வருவார்கள். சின்ன வயதிலேயே கல்யாணம் முடித்துவிடும் பழக்கமும் அங்கே இருந்தது.

அவர் உடனே கணினி வாங்கி வைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் ஏன் ஏறவில்லை என்று முதலில் பார்த்தார். புத்தகம் ஒரு மொழியில் இருந்தது, அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசியது கன்னடம். எழுத்தைக் கூட்டி வாசித்தாலும் பொருள் விளங்காது. அதனால் அந்த ஊரிலேயே போய்த் தங்கி, அவர்களுடைய மொழியைத் தாம் கற்றுக்கொண்டார். பிறகு பாடங்களை அந்த மொழியில் மாற்றி, பாட்டாகவும் கதையாகவும் காணொளியாகவும் பயிற்சியாகவும் செய்து, புத்தகத்தின் பக்கங்களில் கியூஆர் கோடுகளாகச் சேர்த்தார். வீட்டில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளை பாடத்தைக் காதால் கேட்க வழி பிறந்தது. பெண் பிள்ளைகளின் வருகை முழுமையானது. 2017இல் மகாராஷ்டிர அரசு தன் பாடநூல்களில் இம்முறையைக் கொண்டுவருவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் அவருக்கு உலக ஆசிரியர் விருது கிடைத்தது, பரிசு 10 லட்சம் டாலர். அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். அந்தப் பணத்தைவிட, அவர் முதலில் மொழியைக் கற்றுக்கொண்டதுதான் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நம் மதுரையில் இதே சிக்கல் இல்லையா? வீட்டில் உருது பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். தமிழே பேசும் வீடுகளிலும், ஆங்கில வழியில் சேர்த்துவிட்டு, வீட்டுப்பாடம் என்னவென்று பார்க்க முடியாமல் தவிக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்! பிள்ளை மூன்றாம் வகுப்பு தாண்டியதும் “எனக்குத் தெரியாது, டியூஷன் மிஸ்ஸிடம் கேள்” என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். வாசிக்கத் தெரியாத ஒரு தாய், கேட்டால் புரிந்துகொள்வாள். புரிந்துகொண்டால் பிள்ளையிடம் கேள்வி கேட்பாள். கேள்வி கேட்க ஒருவர் வீட்டில் இருந்தால் பிள்ளை பாடத்தை விட்டுவிடாது.

கொரோனா காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, ஆன்லைன் வகுப்பு நடந்தது, வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன். அதையும் அத்தா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். இரவில் போன் வந்ததும் முதலில் கைக்குப் போனது பையனிடம். எட்டாவது படிக்கும் அக்கா கேட்டால் “உனக்கெதுக்கு போன்” என்ற பேச்சு. பல வீடுகளில் பெண் பிள்ளையின் படிப்பு நின்றுபோனதற்கு இதுவும் ஒரு வழி. அந்த இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைக் கவனியுங்கள். அரசு பிள்ளைகளுக்குக் கருவியை அனுப்பவில்லை. மாலை நேரத்தில் தெருவிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர்களை அனுப்பியது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைக்கு டேப்லெட் வாங்கித் தாருங்கள் என்று நம் அறக்கட்டளைக்கு விண்ணப்பங்கள் வருகின்றன. கேட்பவர்களின் நோக்கம் நல்லது. ஆனால் உட்கார்ந்து பார்க்க ஒரு பெரியவர் இல்லாத வீட்டில் டேப்லெட் ஒரு மாதத்தில் விளையாட்டுச் சாமானாகிவிடும். ஐந்து பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைக்கும் ஒரு ஆசிரியைக்கு மாதாமாதம் கொடுக்கும் தொகை அதைவிடப் பயன் தரும் என்பது நம் கருத்து. ஆசிரியை கையில் ஒரு போனும் சின்ன ஸ்பீக்கரும் இருந்தால் போதும்.

இனி செய்முறை. போனில் திக்ஷா செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள். இது 2017இல் மத்திய அரசு தொடங்கியது, இலவசம். அதில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும் வகுப்பையும் தேர்ந்தெடுத்து, ஸ்கேன் செய்யும் இடத்தைத் தொட்டுச் சதுரத்தின் மேல் பிடியுங்கள். கேமரா மங்கலாக இருந்தால், சதுரத்தின் கீழே அச்சாகியிருக்கும் ஆறு எழுத்துக் குறியைத் தட்டச்சு செய்தாலும் பாடம் வரும். நெட் கிடைக்கும் நேரத்தில் அந்த வாரப் பாடங்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். சில பாடங்கள் யூடியூப் காணொளியாக இருக்கும், அவற்றுக்கு மட்டும் நெட் தேவை. தரவிறக்கியதைப் பார்க்கும்போது போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். விளம்பரமும் வராது, நடுவில் அழைப்பும் வராது, ரீல்ஸுக்குத் தாவவும் முடியாது.

மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் இருபது நிமிடம் போதும். போன் பிள்ளையின் கையில் இருக்க வேண்டாம். பாயின் நடுவில், புத்தகத்தில் சாய்த்து வையுங்கள். அம்மாவோ நன்னியோ பக்கத்தில் இருக்கட்டும். ஒருமுறை பார்த்ததும் போனை மூடிவிட்டு, “இப்ப என்ன சொன்னாங்க, எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். இரவில் ஒரே போன்தான் என்றால், பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைக்கு முதல் முறை. அது பெண் பிள்ளையாக இருந்தாலும் அவளுக்குத்தான் முதல் முறை.

இன்னொரு சின்ன விஷயம். புத்தகத்துச் சதுரம் எதுவும் பணம் கேட்காது. பணம் நம் கணக்குக்கு வருவதற்காகக் கோட்டை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொன்னால் அது மோசடி. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள், அப்படியே வீட்டுப் பெரியவர்களுக்கும்.

சில பக்கங்களில் கோடு திறக்காமலும் போகலாம். அப்படியானால் வகுப்பையும் பக்க எண்ணையும் ஒரு தாளில் குறித்து வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், அல்லது நம் மாலை வகுப்பு ஆசிரியையிடம் கொடுங்கள். அந்தப் பாடத்தை அந்த வாரத்திலேயே நேரில் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.