சொல் காட்டும் படம்

நுழையும்முன்

எழுத்து கண்ணுக்கு மட்டும் உரியதன்று. விரலுக்கும் செவிக்கும் உரியது. அச்சுநூல் மின்னூலாக மாறியபோது, பார்வை மாற்றுத்திறனாளருக்கு நூலகத்தின் கதவு அகலத் திறந்தது. ஆயினும், அந்நூல்களில் உள்ள படங்கள் பல இன்னும் பேசாமலே நிற்கின்றன. அவற்றைப் பேசவைக்கும் எழுத்துப்பணியே படவிளக்கம்.

தென்காசி மாவட்டத்தில், சிற்றாற்றுப் பாசனத்தைச் சார்ந்த ஊர்களுள் ஒன்று கீழப்பாவூர். அவ்வூர்க் கோவிலில் உள்ள நரசிம்மர் திருவுருவம் பதினாறு கைகளை உடையது. அதனைக் காட்டும் கோட்டோவியம் ஒன்று மின்னூலில் இடம்பெற்றுள்ளது எனக் கொள்க. பார்வையுள்ள மாணவர் ஒரு நொடியில் அதனைக் கண்டு அடுத்த பத்திக்குச் செல்வார். பார்வையற்ற மாணவரோ, கணினித்திரையில் உள்ள எழுத்தை ஒலியாக மாற்றும் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் அந்நூலைக் கேட்பார். ஓவியம் வரும் இடத்தில் 'படம்' என்னும் ஒரு சொல்லோ, படக்கோப்பின் பெயரோ மட்டும் ஒலிக்கும். 'ஓவியத்தை உற்றுநோக்கி விடை தருக' என அடுத்து வரும் வினாவுக்கு அவர் எவ்வாறு விடையளிப்பார்? அறிவிருந்தும் அவர் மதிப்பெண்ணை இழக்கிறார். குறை அவரிடம் இல்லை. நூலை ஆக்கியோர் எழுதாமல் விட்ட இரண்டு மூன்று வரிகளில் இருக்கிறது.

விரலும் செவியும்

பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி பிரெயில் இளமையிலேயே பார்வையை இழந்தவர். அவர் 1824இல், தம் பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளிகளால் அமைந்த எழுத்துமுறையை உருவாக்கினார். நெல்லைச் சீமையில் பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோருக்கான பள்ளி தொடங்கப்பெற்றது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் ஏற்கப்பட்டது. பின்னர்க் கணினி வந்தது. திரைபடிப்பான் தமிழையும் படித்தது. எழுத்து எளிதில் புள்ளியாகவும் ஒலியாகவும் மாறியது. படம் அவ்வாறு தானாக மாறுவதில்லை. அதனைச் சொல்லாக்க ஒருவர் வேண்டும்.

மின்னூலில் ஒவ்வொரு படத்தோடும் 'மாற்று உரை' ஒன்றை இணைக்க இயலும். அது பக்கத்தில் தோன்றாது. திரைபடிப்பான் அதனைப் படித்துக் காட்டும். உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்களுள் முதலாவதே, காட்சிக்கும் ஒலிக்கும் ஈடான மாற்றைத் தருக என்பதாகும்.

எதைச் சொல்வது?

படத்தில் உள்ள அனைத்தையும் சொல்வது படவிளக்கம் ஆகாது. அப்படம் அவ்விடத்தில் ஏன் வைக்கப்பட்டது என்னும் வினாவே முதலில் எழ வேண்டும். கீழப்பாவூர் ஓவியம் சிற்பக்கலை குறித்த பாடத்தில் வருமாயின், அதன் விளக்கம் பின்வருமாறு அமையலாம்:

'சிங்கமுகமும் மனித உடலும் கொண்ட நரசிம்மர் அமர்ந்துள்ளார். பதினாறு கைகளும் இருபுறத்திலும் பனையோலை விசிறிபோல் விரிந்துள்ளன. மடியில் இரணியன் கிடக்கிறான்.'

அதே ஓவியம் பிரகலாதன் கதையில் வருமாயின், கைகளின் அமைப்பைக் காட்டிலும் இரணியன் கிடக்கும் நிலையே முதன்மை பெறும். பக்கத்தை அழகுசெய்ய மட்டும் வரைந்த பூக்கோலமாயின் மாற்று உரையை வெறுமையாக விடுவதே முறை. திரைபடிப்பான் அதனைக் கடந்து செல்லும். படம் ஒன்றே ஆயினும் இடத்திற்கேற்ப விளக்கம் வேறுபடும்.

வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். மேற்காட்டிய விளக்கத்தில் உள்ள விசிறி, வடிவம் பற்றிய உவமை. பனையோலை விசிறியைக் கையால் தொட்டறிந்தவர் அவ்வடிவத்தை உடனே உணர்வார். நிறத்தையும் விலக்க வேண்டியதில்லை. இடையில் பார்வை இழந்தோர் நிறங்களை நினைவில் வைத்திருப்பர். பிறவியிலேயே பார்வையற்றோரும் மொழியின்வழி நிறங்களின் பொருளை அறிவர்.

எதைச் சொல்லாதிருப்பது?

'அழகிய சிற்பம்' என்பது விளக்கமன்று, எழுதியவரின் கருத்து. 'விரிந்த கண்கள், திறந்த வாய், வெளித்தெரியும் பற்கள்' என்று எழுதினால், அது சினம் என்பதைப் படிப்பவரே உணர்வார். முடிவு காணும் உரிமை அவருக்கும் உண்டு. தேர்வு வினாவில் இவ்வரம்பு இன்னும் இன்றியமையாதது. கைகளை எண்ணச் சொல்லும் வினாவில் 'பதினாறு' என எழுதுவது விடையைக் கூறிவிடும். எழுதாதிருப்பது வினாவையே மறைத்துவிடும். 'வலப்புறம் எட்டு, இடப்புறம் எட்டு' எனக் கூறின், கூட்டி விடை காணும் வேலை மாணவருக்கே எஞ்சும்.

நிலப்படத்திற்கு ஒழுங்கு முதன்மையானது. முழுமையை முதலிலும் பகுதிகளைப் பின்னரும் கூற வேண்டும். 'சிற்றாறு மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்வதைக் காட்டும் படம். குற்றால மலையில் தோன்றி, அருவியாக இறங்கி, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது' என்னும் விளக்கத்தில் செவி ஆற்றோடு செல்கிறது.

உரிமையும் கடமையும்

பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றிப் பகிர்வதற்கு வழிவகுக்கும் மராக்கேசு உடன்படிக்கை 2013இல் உருவானது. 2014இல் அதற்கு முதலில் ஒப்புறுதி அளித்த நாடு இந்தியா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகமும் அதே ஆண்டில் தொடங்கப்பெற்றது. சட்டம் நூலைக் கையில் சேர்க்கும், படத்தைச் சொல்லாக்காது. செயற்கை நுண்ணறிவு இன்று ஒரு நொடியில் படவிளக்கம் தருகிறது. ஆயினும், 'பல கைகள் உடைய சிலை' என்பதோடு அது நின்றுவிடக்கூடும். அப்படம் அப்பாடத்தில் ஏன் இடம்பெற்றது என்பதைப் பாடத்தை உணர்ந்தவரே சரிபார்க்க வேண்டும்.

இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இரட்டைப்புலவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் சுமக்க, மற்றவர் வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்று பாடினர் என்பது மரபுவழிச் செய்தி. கண்டவர் சொன்னார், கேட்டவர் நடந்தார், பாட்டு இருவருக்கும் உரியதாயிற்று. அங்கே ஈந்தவர் என்றும் ஏற்றவர் என்றும் பிரிவில்லை. படவிளக்கமும் அத்தகையதே. அதனை எழுதுபவர் தாம் அதுவரை பார்த்தும் காணாதவற்றைக் காண்கிறார். கேட்பவர் தமக்குரிய பாடத்தைப் பெறுகிறார்.

கற்பவை கற்றபின்

1. பாடநூலில் உள்ள படம் ஒன்றுக்கு நாற்பது சொற்களுக்குள் விளக்கம் எழுதுக. அதனைப் படத்தைக் காணாத நண்பரிடம் படித்துக்காட்டி, அவர் உணர்ந்தவாறு வரையச் செய்து ஒப்பிடுக.

2. உங்கள் ஊர்க் குளம் அல்லது கோவிலின் படம் ஒன்றுக்கு, வரலாற்றுப் பாடத்திற்கும் சூழலியல் பாடத்திற்கும் ஏற்ற இருவேறு விளக்கங்கள் எழுதுக.