நாகைக் கடற்கரை: நாம் பார்க்காமல் திரும்பும் ஊர்



தானா ராத்தாவில் நம் கடைக்குச் சென்ற மாதம் ஒரு பாட்டியம்மா வந்தார். தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் கொழுந்து கிள்ளி ஓய்ந்தவர். அரிசியும் பருப்பும் வாங்கிவிட்டு, “பாய், ஊருக்குப் போயிட்டு வந்தீங்களாமே. எங்க தாத்தா நாகப்பட்டினத்துலதான் கப்பல் ஏறினாராம். அந்த ஊரு எப்படிப் பாய் இருக்கும்?” என்று கேட்டார். நாம் விழித்தோம். அந்த ஊர் வழியாகப் பத்துத் தடவையாவது போயிருப்போம். நாகூரில் இறங்குவோம், ஜியாரத் செய்வோம், தம்ரூட் வாங்குவோம், திரும்பிவிடுவோம். “நல்ல ஊர்தாம்மா” என்றோம். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

வெட்கமாக இருந்தது. ஆகவே இந்தப் பாடம் முதலாவதாக நமக்கு நாமே படித்துக்கொண்டது.

வில்லியம் கேமரன் என்பவர் இந்த மலையை அளக்க வந்தது 1885-ல். போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-ல். காட்டை வெட்டித் தேயிலை நட்ட தமிழ்த் தொழிலாளரில் பலருடைய குடும்பங்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் இருந்து, பிறகு கரை சேர்ந்தவை. நம் பாட்டன்மாரும் அதே கப்பல்களில்தான் வந்தார்கள். கையில் கூடுதலாக ஒரு துணி மூட்டை இருந்திருக்கும்; வேறு வித்தியாசம் அதிகமில்லை. 1926-ல் கட்டிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரைக் கேட்டாலே கண் கலங்கும் பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். பின்னால் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985-ல் தீப்பற்றியதோடு அந்தக் கடல் யாத்திரையும் முடிந்தது. இப்பொழுது கோலாலம்பூரில் விமானம் ஏறித் திருச்சியில் இறங்கி, மோட்டாரில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் போனால் நாகை.

ஆனால் நாகைக்கும் இந்நாட்டுக்கும் உள்ள உறவு கங்காணி காலத்தில் பிறந்ததன்று. ஆயிரம் வருஷத்துக்கு முன் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட அரசர் ஒருவர், தம் தகப்பனார் சூளாமணிவர்மர் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விஹாரம் எழுப்பினார். கடாரம் என்பது நமது கெடாதான். விஹாரத்தின் செலவுக்கு, சைவரான ராஜராஜ சோழர் 1006-ம் வருஷத்தை ஒட்டி ஆனைமங்கலம் என்னும் கிராமத்தின் வருமானத்தை எழுதி வைத்தார். வருஷத்துக்கு 8943 கலம் நெல்! கணக்குப் பார்க்கும் நம்மவருக்கு அதன் அருமை தெரியும். அந்தச் சாசனம் 21 செப்பேடுகள் கொண்டது. ராஜராஜர் காலமான பிறகு மகன் ராஜேந்திரர் அதை வெட்டுவித்தார். அதே ராஜேந்திரர்தான் சுமார் 1025-ல் கடாரத்தின் மேல் கடற்படை அனுப்பியவரும். இருந்தும் 1090-ல் கடாரத்துத் தூதர்கள் வந்து கேட்க, குலோத்துங்க சோழர் விஹாரத்தின் உரிமைகளை மீண்டும் உறுதி செய்து கொடுத்தார். படையெடுப்பு நடந்தும் அறக்கட்டளை அறுபடவில்லை.

செப்பேடுகள் டச்சுக்காரர் கைப்பட்டு லெய்டன் நகரம் போய்ச் சேர்ந்தன. லெய்டன் செப்பேடு என்று பெயர் வந்தது அதனால்தான். விஹாரத்தின் மிச்சமாகக் கருதப்பட்ட ஒரு மூன்றடுக்குக் கோபுரம் கடற்கரையில் வெகுகாலம் நின்றது. வெள்ளைக்காரர் அதைச் சீனக் கோபுரம் என்றார்கள். உள்ளூரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். மாலுமிகளுக்கு அதுவே கரையின் அடையாளம். 1867-ல் ஏசு சபைப் பாதிரிமார் அரசாங்கத்தின் அனுமதி பெற்று அதை இடித்துவிட்டனர். அந்தப் பகுதியில் மண்ணைத் தோண்டியபோது பல வருஷங்களில் கிடைத்த வெண்கலப் புத்தர் சிலைகள் ஏறக்குறைய 350. அவற்றுள் பல சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. கோபுரம் நின்ற இடத்தில் இன்று பார்க்க ஒன்றுமில்லை. நம் கருத்தில், ஊரில் பௌத்தர் இல்லாமற் போனதும், இடித்தால் கேட்பதற்கு ஆளும் இல்லாமற் போயிற்று.

கடாரத்தாரின் கொடை விஹாரத்தோடு நிற்கவில்லை. நாகைக் காயாரோகணசுவாமி கோயிலுக்கும் அவர்களுடைய அதிகாரிகள் வெள்ளிச் சிலையும் நகைகளும் சீனப் பொன்னும் கொடுத்ததாக அக்கோயிலின் கல்வெட்டுகள் சொல்லுகின்றன. தேவாரம் பெற்ற அந்தப் பழைய கோயிலில் அம்மன் பெயர் நீலாயதாட்சி. கடல் கடந்து வந்து வியாபாரம் செய்தவன், தான் தங்கிய ஊரின் ஆலயத்துக்குக் கொடுத்த கணக்கு கல்லில் இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். முஸ்லிம் கோயில் பார்க்கப் போகலாமா? நமக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து உண்டு. வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே, அதில் பேச்சில்லை. கல்வெட்டைப் பார்ப்பதும் சரித்திரம் கேட்பதும் வணக்கமாகா. பூமியில் சுற்றி முன்னோரின் கதியைப் பாருங்கள் என்று நம் மறையும் பலமுறை ஏவுகிறது. மனம் ஒப்பாதவர் கோபுர வாசலில் நின்று பார்த்தாலும் போதும். உள்ளே போகிறவர்கள் அவர்களுடைய ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டும்: செருப்பை வெளியே விடுவது, கொடிமரத்தைத் தாண்டாமல் நின்றுகொள்வது, கேட்காமல் படம் எடுக்காதிருப்பது. தர்காவுக்கு வரும் இந்து சகோதரர்கள் காட்டும் அடக்கத்தில் பாதியையாவது நாம் காட்டவேண்டாமா?

நாகூரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்லப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும் ஒன்று. 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது நாயகம் (ரஹ்) அவர்களின் தர்காவில் ஐந்து மினாராக்கள் உண்டு. அவற்றில் எல்லாவற்றிலும் உயரமான பெரிய மினாரா 131 அடி. அதைக் கட்டியவர் யார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராத்திய இந்து அரசர் பிரதாப சிங். கந்தூரியில் சந்தனக்கூடு நாகையிலிருந்து நாகூருக்கு ஊர்வலமாக வரும்போது, வழிநெடுக எல்லா மதத்தாரும் காத்து நிற்கிறார்கள். அந்த நாயகத்தின் நினைவாகவே நம் முன்னோர் பினாங்கு சூலியா தெருவில் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையிலும் நாகூர் தர்காக்களை எழுப்பினார்கள். தர்கா விஷயத்தில் மாறுபட்ட கருத்துடைய சகோதரர்களும் நம்மில் உண்டு. அவர்கள் அந்தக் கட்டடங்களின் சரித்திரத்தையாவது படிக்கலாம்.

நாகூரிலிருந்து தெற்கே போகவேண்டும். நம்மில் யாரும் போவதில்லை. வேளாங்கண்ணி மாதா கோயில் வழியிலேயே இருக்கிறது. 1962-ல் பசிலிக்கா என்னும் தகுதி பெற்றது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை கடல் பொங்கியபோது அங்கே வந்திருந்த யாத்திரிகர் பலர் மாண்டனர். மாவட்டம் முழுவதிலும் இறந்தவர் 6000-க்கு மேல். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மீனவர் குடியிருப்புகளின் துயரத்தை எழுதப் பேனா கூசுகிறது.

மேலும் தெற்கே வேதாரணியம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய கரை. உப்பளங்கள் இன்றும் உண்டு. அதற்கப்பால் கோடியக்கரை. மலையிலேயே பிறந்து வளர்ந்த நம் குழந்தைகளுக்கு இதைக் காட்டாமல் விடக்கூடாது. வறண்ட பசுங்காடு, அதை அடுத்துச் சதுப்பு, அப்புறம் கடல். முறுக்குக் கொம்புடைய வெளிமான்களுக்காக 1967-ல் சரணாலயமாக்கப்பட்டது. மாரிக்காலத்தில் தூர தேசங்களிலிருந்து பறவைகள் வந்து இறங்கும். பூநாரைகள் ஆயிரக்கணக்கில் சேற்றில் நிற்கும்போது தண்ணீரே சிவந்தாற்போல் இருக்கும். சோழர் காலத்ததென்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சம் 2004-ல் அலையோடு போயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்து காட்டையும் தோப்புகளையும் முறித்தது. காடு மெல்லத் துளிர்த்து வருகிறது.

தரங்கம்பாடிக் கோட்டையையும் (டேனிஷ்காரர் கட்டியது, 1620) சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் ஒன்று கவனிக்க: 2020 முதல் அது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. நாகூரிலிருந்து வடக்கே, காரைக்காலைத் தாண்டிப் போகவேண்டும். கோடியக்கரைக்கு நேர் எதிர்த் திசை. ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைத்தால் இரண்டும் கெடும்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் உத்தமம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் உண்டு. கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதத்தில் வருவதால் ஆங்கிலத் தேதி வருஷாவருஷம் பதினொரு நாள் போல முன்னால் நகரும். தேதி விசாரித்துக்கொண்டு டிக்கெட் எடுக்கவும்.

அந்தப் பாட்டியம்மாவுக்கு நாம் இப்பொழுது ஒரு மணி நேரம் பதில் சொல்லலாம். அவருடைய தாத்தாவின் கப்பல் சீட்டு வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறதாம். உங்கள் வீடுகளிலும் ரஜூலா, சிதம்பரம் கப்பல்களின் சீட்டுகளோ பழைய பாஸ்போர்ட்டுகளோ இருந்தால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அசலை அன்றே திருப்பித் தந்துவிடுவோம். தோட்டத்து வாடிக்கையாளரிடமும் கேட்டுப் பாருங்கள்.