தனியாள் தொழிலும் எழுதி வைத்த முறையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஒரே ஆள் நடத்தும் தொழிலில் முறை என்பது, ஒரு தடவை சரியாக வந்த வேலையை அடுத்த தடவையும் அதே தரத்தில் செய்யும்படி எழுதி வைத்திருப்பது. பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர் மறந்தால் இன்னொருவர் நினைவுபடுத்துவார். தனியாள் தொழிலில் அந்த இன்னொருவர் நோட்டுப் புத்தகம்தான். காய் வாங்குபவர், ஊறுகாய் போடுபவர், பார்சல் கட்டுபவர், கணக்குப்பிள்ளை எல்லாம் ஒருவரே என்னும்போது, ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில்தான் தவறு நுழைகிறது. ராத்திரி பதினொன்றரைக்கும் பாப்பா லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பதாக அம்மா போனில் சொன்னது இந்த வகைதான். ஆர்டர் பெருகியதால் வந்த தாமதமாக அது தெரியவில்லை.

எழுத வேண்டியதில் முதலாவது தயாரிப்பு. வீட்டுச் சமையலில் உப்பு கைப்பிடிக் கணக்கு. விற்பனைக்கு அது கிராம் கணக்காக வேண்டும். ஊறுகாயைக் காப்பது உப்பும் புளிப்பும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி அதில் வளராது. எலுமிச்சைக்கும் மாங்காய்க்கும் இது இயல்பாகவே அமைந்துவிடும். பூண்டு, கத்தரிக்காய் போன்ற புளிப்பில்லாத சரக்கில்தான் ஆபத்து. அங்கே புளியோ வினிகரோ கண்ணளவில் விடக் கூடாது. ஒவ்வொரு தடவை போடுவதற்கும் ஒரு தாள், அதில் தேதி, காய் எடை, உப்பு எடை, எண்ணெய், ஒரு தொகுதி எண்; அதே எண் பாட்டிலிலும் இருக்க வேண்டும். ஒருவர் புகார் சொன்னால் எந்தப் பாட்டில்களைத் திரும்ப வாங்குவது என்று அந்த எண் சொல்லும். எண் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டியதுதான். லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே பட்டியலிட்டிருக்கிறது. அதில் சில: தயாரிப்பாளர் பெயர் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம் வருடம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்.

கொள்முதலுக்கும் ஒரு நாட்காட்டி தேவை. மாவடு பங்குனியோடு போய்விடும், ஆவக்காய்க்கான மாங்காய் சித்திரை, வைகாசியில். பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

விற்பனையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் ஏழெட்டுதான் இருக்கும்: விலை, கூரியர் செலவு, எத்தனை நாள் கெடாது. வாட்ஸாப் பிசினஸில் இவற்றுக்குப் பதில்களைச் சேமித்து வைக்க வசதி இருக்கிறது. பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. கணக்கில் வரவு விழுந்த பிறகே பார்சல். மூடிய பாட்டிலை ஒரு ராத்திரி தலைகீழாக வைத்துப் பார்த்தால் எண்ணெய் கசியுமா என்று தெரிந்துவிடும். ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. வெளி மாநிலத்துக்கு ஒரு பாட்டில் விற்றாலும் அந்தச் சலுகை கிடையாது. பெங்களூருக்கு யாரோ கேட்கிறார்களாமே.

இனிக் கணக்கு. மற்ற எல்லாம் இதற்குக் கீழேதான். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவில் லேவாதேவி நடத்திய காலத்தில் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், கடை ரங்கூனில் இருக்கும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள் மூன்று வருடக் கணக்குக்குப் போய்வருவார்கள். ஆள் மாறியும் கடை தடுமாறாததற்கு எழுத்து முறையும் ஒரு காரணம்: அன்றன்றைய வரவு செலவுக்குக் குறிப்பு, ஆள்வாரியாகப் பேரேடு, முடிவில் ஐந்தொகை. யார் உட்கார்ந்தாலும் பேரேட்டைப் பிரித்தால் யார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரியும். தனியாள் தொழிலிலும் ஆள் மாறுவது உண்டு. காய்ச்சலில் படுத்த நாளில் அதே ஆள் வேறு ஆள்தான்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வீட்டிலேயே சாட்சி உண்டு. பஜார் தெருவில் தம்பி, அதாவது பாப்பாவின் அப்பா, வைத்திருந்த அச்சகம் மூடியதற்கு ஆப்செட் வந்ததுதான் காரணம் என்று வீட்டில் சொல்லி வருகிறார்கள். டிரெடில் மிஷின் வைத்திருந்த மற்றவர்கள் அதற்கப்புறமும் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைத்தார்கள். தம்பிக்கு நினைவாற்றல் அதிகம், அதுதான் வினை. பாக்கி எல்லாம் தலைக்குள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது பேச்சு வந்தது, கணக்கு வரவில்லை. தாமாக வந்து கொடுத்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களிடம் கேட்கலாம் என்றால் எவ்வளவு என்று சொல்லத் துண்டுச் சீட்டுகூட இல்லை. கேட்டால் உறவு கெடும் என்று அம்மா தடுத்ததையும் இங்கே சொல்ல வேண்டும். மிஷின் எடைக்குப் போன அன்று அதே தெருவில் பாக்கிக்காரர்கள் கடை திறந்து வியாபாரம் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே கடனுக்கு விற்பது என்றால் அதற்குரிய முறை கடுமையாக இருக்க வேண்டும். சரக்கோடு தேதியும் எண்ணும் போட்ட பில், வாங்கியதற்குக் கையெழுத்து, பேரேட்டில் அவர்களுக்கு ஒரு பக்கம். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அது இருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் துணைக்கு வரும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. சட்டம் இப்படி இருந்தும், கேட்கத் தயங்குகிறவருக்கு அதனால் பயனில்லை. வழக்குப் போடவும் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு.

மாதம் இருநூறு பாட்டில் கடனுக்குக் கேட்கும் பெரிய கடைக்கு ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பது தொழில் நடத்துபவர் முடிவு செய்ய வேண்டியது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஒப்புக்கொண்டால் பெயர் பரவும், அலமாரியில் இடம் கிடைக்கும். ஒப்புக்கொண்டால் பணம் வரும்வரை காய், எண்ணெய், பாட்டில் எல்லாவற்றுக்கும் கையிலிருந்து பணம் போட வேண்டும். விற்காத பாட்டில் திரும்பி வரும். ஏற்கெனவே பதினொன்றரைக்கு முடிகிற வேலை ஒரு மணிக்குப் போகும். பணம் கேட்டுப் போனால் மேனேஜர் இல்லை என்பார்கள். பாதிப் பணம் முன்கூட்டித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. மறுத்தால் அதிலேயே விடை இருக்கிறது. பெரியப்பா தன் கருத்தாக எதையும் சொல்லவில்லை.

வங்கிக் கணக்கு தனியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நம்பப்படுகிறது. வீட்டு மளிகைக்கு அதிலிருந்து எடுத்தால் அதையும் எழுத வேண்டும், அம்மா கேட்டு எடுத்தாலும்.

எலுமிச்சை ஊறுகாய் வந்து சேர்ந்தது. பெரியம்மா அதைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. பக்கத்து வீட்டில் எல்லாருக்கும் எங்கள் பாப்பா போட்டது என்று எடுத்துப் போய்க் காட்டியாகிவிட்டது. இந்த வயதில் இவ்வளவு துணிச்சல் இந்தக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை, அச்சகம் வைத்தவரைத் தவிர. அந்தத் துணிச்சல் அப்படியே வந்திருப்பதில் பெரியப்பாவுக்குப் பெருமைதான், மிகவும் பெருமை. இன்னும் இரண்டு எலுமிச்சை, ஒரு மாவடு வேண்டும். பணம் அனுப்பியாயிற்று, பில் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும்.

ஆசிகளுடன்,
பெரியப்பா