கீசருக்கு எத்தனை ஸ்கொயர் ஒயர்?

"எத்தனை ஸ்கொயர் வேணும்?" என்று கடைக்காரர் கேட்டதும் நாம் எலக்ட்ரீஷியன் முகத்தைப் பார்க்கிறோம். அவரோ போன வீட்டில் போட்டதையே இங்கேயும் சொல்லிவிடுகிறார். வேலையை உரிமம் உள்ளவரிடமே விடுங்கள். ஆனால் கணக்கு வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கட்டும்.

1. முதலில் ஆம்பியர். சாதனத்தில் போட்டிருக்கும் வாட்ஸை 230-ஆல் வகுத்தால் போதும். 2000 வாட்ஸ் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட்ஸ் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 13 ஆம்பியர். மோட்டாருக்கும் ஏ.சி.க்கும் இந்த வகுத்தல் சற்றுக் குறைத்தே காட்டும். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள ஆம்பியரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஒயர் தாங்கும் அளவு. பைப்புக்குள் போகும் பி.வி.சி. செம்பு ஒயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு: 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) சுமார் 11 ஆம்பியர், ஒன்றரை 13, இரண்டரை 18, நான்கு 24, ஆறு 31. கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு ஆம்பியர் மாறும். வாங்கும் ஒயரின் அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் போகும் ஒயருக்கு இதைவிடப் பெரிய எண் அச்சிட்டிருப்பார்கள். சுவருக்குள் போகும் ஒயருக்கு அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

3. லோடு மீறினால் தானே விழும் சுவிட்சான எம்.சி.பி. காப்பது ஒயரை, கீசரை அல்ல. சாதனத்தின் ஆம்பியரைவிட எம்.சி.பி. குறையக் கூடாது, ஒயர் தாங்கும் அளவை எம்.சி.பி. தாண்டக் கூடாது. இந்திய ஒயரிங் தரமான ஐ.எஸ். 732-இன் அடிப்படையே இதுதான். அதன்படி ஒன்றரை ஸ்கொயருக்கு 10, இரண்டரைக்கு 16, நான்குக்கு 20, ஆறுக்கு 25 ஆம்பியர் எம்.சி.பி. ஆறு ஸ்கொயருக்கு 32 போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. மேலே சொன்ன கணக்கில் அது இடிக்கிறது.

4. எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதைப் பெரிதாக்காதீர்கள். வீடுகளில் நடக்கும் மிக ஆபத்தான 'ரிப்பேர்' இதுதான். தன் அளவைத் தாண்டிய உடனே எம்.சி.பி. விழுந்துவிடும் என்று நினைக்கிறோம். தரவிதி அப்படிச் சொல்லவில்லை: 1.13 மடங்கு வரை விழக் கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும், அவ்வளவே. இரண்டரை ஸ்கொயரில் 16-ஐக் கழற்றிவிட்டு 20 மாட்டினால், 18 ஆம்பியர் ஒயரில் 29 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் ஓட வழி விட்டோம் என்று பொருள். பி.வி.சி. உறை 70 டிகிரிக்கு மேல் தாங்காது. சூடு ஏற ஏற உறை இறுகி வெடிக்கும். வெளியே எதுவும் தெரியாது. லோடைக் குறையுங்கள், அல்லது தனி லைன் இழுங்கள்.

5. ஒரே பைப்பில் பல லைன்கள் போனால் ஒவ்வொன்றும் தாங்கும் அளவு குறையும். இரண்டு லைன் என்றால் 0.8-ஆலும், மூன்று என்றால் 0.7-ஆலும் பெருக்க வேண்டும். ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றுக்கும் இரண்டரை ஸ்கொயர் இழுத்து ஒரே பைப்பில் திணித்துவிட்டார்கள் என்று வையுங்கள். மூன்றும் சேர்ந்து ஓடும்போது 18 என்பது 12.6 ஆகிவிடும், 13 ஆம்பியர் ஹீட்டருக்கே பற்றாது. நான்கு ஸ்கொயர் போட்டிருந்தால் 16.8 வரும், 16 ஆம்பியர் எம்.சி.பி. சரியாக உட்காரும். இல்லையென்றால் பைப்பைப் பிரியுங்கள். தளம் போடும்போதே யோசித்தால் செலவு ஒரு பைப்தான். மொட்டை மாடித் தளத்துக்குள் போகும் பைப்புக்குச் சித்திரை வெயிலும் சேரும். அங்கே ஒரு அளவு கூட்டிப் போடுவதே நல்லது.

6. தூரம். கிணறு வீட்டிலிருந்து 60 மீட்டர், மோட்டார் 10 ஆம்பியர் என்றால் போக வர 120 மீட்டர் செம்பு. ஒன்றரை ஸ்கொயரில் வழியிலேயே 14 வோல்ட்டுக்கு மேல் தொலையும். இரண்டரையில் 9, நான்கில் ஐந்தரை. மோட்டார் போன்றவற்றுக்கு 5 சதவீதம், அதாவது 11.5 வோல்ட் வரை இழக்கலாம். விளக்குக்கு 3 சதவீதம். இரண்டரை போதும்போலத் தெரியும். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும், சாயங்காலம் லைனில் வோல்டேஜும் குறையும். நான்கே போடுங்கள்.

7. விளக்கு, ஃபேன், சிறிய பிளக் சேர்த்து ஒரு லைனில் 10 பாயின்ட், 800 வாட்ஸ். அதற்கு மேல் வேண்டாம். ஒன்றரை ஸ்கொயர் போதும்.

8. நியூட்ரலும் பேஸ் அளவே இருக்க வேண்டும். 16 ஸ்கொயர் வரை எர்த்தும் அதே அளவு என்பது பாதுகாப்பான வழக்கம். பேஸுக்கு நான்கு வாங்கிவிட்டு எர்த்துக்கு ஒன்று வாங்குவது, மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்தில் மிச்சம் பிடிப்பது. இரண்டு லைனுக்கு ஒரே நியூட்ரல் வைக்கவும் விடாதீர்கள்.

9. பழைய எலக்ட்ரீஷியன்கள் இன்னும் 3/22, 7/20 என்று கேட்பார்கள். இழை எண்ணிக்கையும் கேஜும்தான் அவை. 3/22 சுமார் 1.2 ஸ்கொயர், 7/20 சுமார் நாலரை. வாங்கும்போது ஐ.எஸ். 694 எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஒயர் உறை மேலேயே அச்சாகியிருக்கிறதா பாருங்கள். அட்டைப்பெட்டியில் இருப்பது போதாது.

10. பழைய வீட்டில் அலுமினிய ஒயர் இருந்தால் மேலே சொன்ன எண்கள் செல்லாது. அதே ஸ்கொயரில் அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல் சுமார் 1.6 மடங்கு. அதோடு செம்பை முறுக்கி டேப் சுற்றினால் ஈரத்தில் அரித்து, இணைப்புச் சூடாகும்.

11. ஒயர் சரியாக இருந்தும் பிளக் பாயின்ட் பழுப்பேறினால் திருகாணி தளர்ந்திருக்கும், அல்லது 16 ஆம்பியர் பிளக்கை மாற்றுக்கட்டை வைத்து 6 ஆம்பியர் பாயின்ட்டில் செருகியிருப்பார்கள். முதலாவதற்கு மெயினை அணைத்துத் திருகாணியை முறுக்கச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு அந்தக் கட்டையைத் தூக்கி எறியுங்கள்.