மரமும் கல்லும்

எளிய மரத்தைத் தேக்குப்போலத் தோன்றச் செய்வது ஒரு கைத்தொழில். இழைத்த பலகையில் வெளிர்மஞ்சள் வண்ணம் பூசி உலரவிடுவர். அதன்மேல் கருஞ்செந்நிறக் கலவையைத் தடவி, ஈரம் புலருமுன் சீப்பினால் இழுப்பர். தேக்கின் வரிகள் அங்கே தோன்றும். வண்ணம் உரிந்தால் உண்மை வெளிப்படும்.

கல்லை மரம்போலச் செய்த சிற்பியரும் உளர். செய்யூருக்கு வடக்கே மாமல்லபுரத்தில், கி.பி. 7ஆம் நூற்றாண்டில், பல்லவர் காலத்துச் சிற்பியர் பாறையிற் செதுக்கிய இரதங்களைக் காண்க. திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிலை ஒத்தது. பீம இரதத்தின் முகடு, வளைந்த மரச்சட்டங்களால் அமைந்த வண்டிக்கூண்டு போன்றது. அக்காலத்து மரக் கட்டடங்கள் மண்ணோடு மண்ணாயின. அவற்றின் வடிவை இன்று நமக்குக் காட்டுவது இக்கல்லே.

முன்னது மரத்தின் எளிமையை மறைத்தது. பின்னது அழிந்த மரத்தின் அழகைக் காத்தது. போலச் செய்தல் யாண்டும் இழிவன்று என்பதை மாணவர் உணர்க.