மழையை அளப்போம், உயிரைக் காப்போம்
(தோட்ட வானிலைத் தொண்டர்களுக்கு ஒரு பாடம்)



"நமுனுகுல பக்கம் கறுத்துடுச்சு, கூடையை எடுங்க" என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு மலையிலும் இருக்கிறார்கள். அந்த அனுபவத்தோடு கொஞ்சம் அளவும் கணக்கும் சேர்ந்தால் ஒரு லயத்தையே காப்பாற்றலாம். லயத்துக்கு இரண்டு தொண்டர்கள் போதும். மலையில் அதிகம் நிற்பவர்கள் பெண்கள் என்பதால் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது.

நம்மில் ஒருவர் ஏன் வேண்டும்?

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தில் பல மலைகள் சரிந்தன.

கொழும்பிலிருந்து வரும் எச்சரிக்கை ஒரு முழுப் பிரதேச செயலகப் பிரிவுக்கும் பொதுவானது. ஆனால் மழை அப்படிப் பெய்வதில்லை. மேல் கணக்கில் கொட்டும்; கீழ்க் கணக்கில் வெயில் அடிக்கும். நம் லயத்துக்கு மேலே எவ்வளவு பெய்தது என்பதை நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

1. மழையை அளப்பது

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகரப்பேணி ஒன்று போதும். கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத திறந்த இடத்தில், சாயாமல் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அடிமட்டத்தை உள்ளே விட்டு மில்லிமீற்றரில் அளந்து, கொப்பியில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அடைமழை நாளில் மணிக்கொரு தடவை பாருங்கள். அப்போது கொட்டக் கூடாது, தொகை கூடிக்கொண்டே வரட்டும்.

கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குப் பயன்படுத்தும் கணக்கு இது:

24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள்: விழித்திருங்கள்.
100 மி.மீ. தாண்டினால் செம்மஞ்சள்: புறப்படத் தயாராகுங்கள்.
150 மி.மீ. தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தால் சிவப்பு: உடனே வெளியேறுங்கள்.

100 மி.மீ. என்றால் நாலு விரல்கடைதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு ஏக்கர் மலையில் அது சுமார் 4 இலட்சம் லீற்றர் தண்ணீர், அதாவது 400 தொன் பாரம். அதில் மண்ணுக்குள் இறங்குவதுதான் மலையைத் தளர்த்துகிறது.

2. மலை சொல்லும் அடையாளங்கள்

நிலத்திலோ காம்பரா தரையிலோ புதிய வெடிப்பு. மரமும் லைட் போஸ்டும் சாய்வது. நன்றாக ஓடிய பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவது, நிற்பது, அல்லது புது இடத்தில் ஊற்று கிளம்புவது. கதவு சட்டத்தில் இறுகிக்கொள்வது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவு 75ஐத் தொடட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

3. இடி மின்னல்

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் காலையில் வெயில் சுடும். பகல் இரண்டு மணிக்கு மேல் இடி முழங்கும். மின்னலைக் கண்டதும் எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் ஆறு கட்டைக்குள் நிற்கிறது. மலையை விட்டு இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்தே திரும்ப ஏறலாம்.

நிழல் மரத்தடியில் ஒதுங்குவது பெரிய ஆபத்து. கவ்வாத்துக் கத்தியையும் குடையையும் கீழே போடுங்கள். கட்டிடத்துக்குள் போங்கள், இஸ்தோப்பில் நிற்க வேண்டாம், பீலியில் குளிக்க வேண்டாம், டீவி வயரைக் கழற்றுங்கள். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் அடிக்கும் என்பது தவறான பேச்சு. உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். ஒருவர் 1990 அம்புலன்ஸை அழைக்கட்டும்.

4. வெயில்

கச்சான் வீசும் காலத்தில் வியர்வை உடனே காய்ந்துவிடும். தாகம் தெரியாமலே உடம்பு வற்றும். கர்ப்பிணிகளையும் வயதானவர்களையும் தொண்டர் அடிக்கடி கேட்க வேண்டும்: "தண்ணி குடிச்சீங்களா?" தலைசுற்றுபவரை நிழலுக்குக் கொண்டு வாருங்கள். உளறத் தொடங்கினால் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டியது

இடி கேட்டும் மலையிலிருந்து இறங்காததற்கு ஒரு காரணம் எல்லோருக்கும் தெரியும்: "இறங்கினா அரைப் பேர்தான் போடுவாங்க." இந்தப் பயம் இருக்கும்வரை எந்தத் தொண்டரின் குரலும் எடுபடாது. ஆகவே தலைவர்மாரும் கங்காணிமாரும் தோட்ட நிர்வாகத்தோடு மழைக்கு முன்பே பேச வேண்டும்: தொண்டர் சொன்னால் இறங்கலாம், அதற்காகப் பேர் குறையாது என்று. அதைப் பெரட்டில் எல்லோர் முன்னும் சொல்லவும் வேண்டும்.

அதேபோல் இரவில் எங்கே போவது, பிள்ளைமடுவச் சாவி யாரிடம், நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள். செய்தி போக வேண்டியது தோட்டக் கந்தோருக்கு, கிராம உத்தியோகத்தருக்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு.

பத்துத் தடவை வெளியேறி ஒன்றும் நடக்காமல் திரும்பினால் தொண்டரை யாரும் ஏச வேண்டாம். அந்தப் பத்து இரவும் நட்டமல்ல.

லயத்தில் கூடிப் பேச:
1. நம் லயத்துக்கு மேலே வெடிப்போ புது ஊற்றோ இருக்கிறதா? கடைசியாக யார் போய்ப் பார்த்தது?
2. நம் பேணியை எங்கே வைக்கலாம்? கொப்பி யாரிடம்?
3. இரவு இரண்டு மணிக்கு எல்லோரையும் எழுப்ப என்ன சத்தம் கொடுப்பது?